சாரல் ஊரில் சோலார் ஓடுமா? செங்கோட்டை வீட்டில் 3.3 கிலோவாட், ஒரு வருடக் கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை, புளியரை, தென்காசி பக்கம் சொந்த வீடு இருந்து, மாடியில் நிழல் விழாத இடம் ஒரு 300 சதுர அடி கிடைத்தால் சோலார் தாராளமாகப் போடலாம். ஆனால் விற்க வருகிறவர் சொல்லும் கணக்கை வைத்துப் போடாதீர்கள், நம்ம ஊர்க் கணக்கு வேறு. போட்டு ஒரு வருடம் முடிந்து, கோடை, குற்றால சீசன், ஐப்பசி மழை, மார்கழி எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பங்குனியில் போட்டுவிட்டு மறு வாரமே "பில் ஜீரோ, சூப்பர்" என்று எழுதுகிற ரிவ்யூக்கள் மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு எந்த விதத்திலும் உதவாது.

எங்கள் வீட்டில் இருப்பது 550 வாட் பேனல் 6, 3 கிலோவாட் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனலின் டிசி கரண்டை ஏசியாக்கி ஈபி லைனோடு சேர்க்கும் பெட்டி), நெட் மீட்டர் (நாம் கொடுத்த யூனிட்டையும் வாங்கிய யூனிட்டையும் எண்ணும் மீட்டர்). பேட்டரி கிடையாது. மொத்தச் செலவு 2 லட்சம் ரூபாய். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஆரம்பித்த பிஎம் சூர்ய கர் திட்டத்தின் மானியம் 78,000 ரூபாய் பிறகு வங்கிக் கணக்கில் ஏறியது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, அதற்கு மேல் வீட்டில் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். இந்த மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், அதனால் விலை கொஞ்சம் கூடும். பரவாயில்லை, கூட்டிக் கழித்தால் லாபம்தான்.

போட்ட நாளிலிருந்து தெருவில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணாச்சி, சீசன் வந்தா ரெண்டு மாசம் நம்ம ஊர்ல சூரியனையே பாக்க முடியாதே, அப்ப இது என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கிலோவாட்டையும் யூனிட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விற்கிறவர்கள் கிலோவாட்டை மட்டும் பேசுவார்கள். கிலோவாட் என்பது பைக்கின் டாப் ஸ்பீடு மாதிரி, யூனிட் என்பது ஓடி முடித்த தூரம். நமக்கு பில்லில் கழிவது யூனிட்தான்.

உலகத்திலேயே பெரிய மின் நிலையங்களை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். சீனாவின் த்ரீ கார்ஜஸ் அணை 22,500 மெகாவாட். பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து பரானா ஆற்றில் கட்டிய இதைப்பு அணை 14,000 மெகாவாட். கிலோவாட் கணக்கில் பார்த்தால் இதைப்பு கிட்டவே வர முடியாது. ஆனால் 2016இல் இதைப்பு 10,300 கோடி யூனிட் எடுத்தது, த்ரீ கார்ஜஸ் அந்த வருடம் எடுத்தது 9,300 கோடிச் சொச்சம்தான். காரணம் பரானா ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓரளவு ஒரே சீராக வரும், த்ரீ கார்ஜஸ் இருக்கிற யாங்சி ஆற்றில் மழைக்காலத்தில் கொட்டும், மற்ற மாதங்களில் குறையும். 2020இல் சீனாவில் நல்ல மழை, த்ரீ கார்ஜஸ் 11,180 கோடி யூனிட் எடுத்து உலக சாதனையே செய்தது. ஆக, மெஷின் அதேதான், வருடத்துக்கு வருடம் யூனிட்டை முடிவு செய்வது வானம்.

நமக்குத் தெரிந்த இடுக்கியையே எடுங்கள். மூலமற்றத்தில் மலைக்குள்ளே 130 மெகாவாட் மெஷின் ஆறு, மொத்தம் 780 மெகாவாட். வருடம் முழுக்க ராத்திரி பகலாக ஓடினால் 680 கோடி யூனிட் வர வேண்டும், சராசரியாக எதிர்பார்ப்பது சுமார் 240 கோடிதான். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை, அணையில் இருக்கிற தண்ணீருக்கு அவ்வளவுதான், அதையும் தேவைப்படும் நேரம் பார்த்துத் திறக்கிறார்கள்.

இப்போது எங்கள் மாடிக்கு வருகிறேன். ஒரு வருடத்தில் 4,200 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. 3.3 கிலோவாட் இடைவிடாமல் ஓடினால் வரக்கூடியதில் இது கிட்டத்தட்ட 15 சதவீதம். விற்க வந்தவர் போட்டுக் காட்டிய கணக்கு ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட், அப்படிப் பார்த்தால் 4,800 வந்திருக்க வேண்டும். கோவில்பட்டியில் இதே அளவு போட்டிருக்கும் சிநேகிதர் வீட்டில் அந்த 4,800 வருகிறது. அந்தக் கரிசல் வெயிலுக்கு அது சரி. நமக்கு 600 யூனிட் குறையும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியதில்லை.

மாதவாரியாகச் சொன்னால்தான் புரியும். தை பாதியிலிருந்து பங்குனி வரை ராஜ காலம். நல்ல நாளில் 15 யூனிட் வரை பார்த்தேன். சித்திரையில் வெயில் அதைவிடக் கொடுமையாக அடித்தாலும் யூனிட் கூடவில்லை, 13, 14 என்று கொஞ்சம் இறங்கியது. சிலிக்கான் பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் செல் சூடாகச் சூடாக ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதத்துக்கு மேல் உற்பத்தி குறையும், உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிவிடும், கை வைக்க முடியாது. நம்ம பக்கம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருப்பதால் அந்தச் சூடு கொஞ்சம் தணிகிறது. அதனால் பேனலைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல் அடியில் காற்றுப் போக இடம் விட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். சாதாரண சாரல் நாளில் 6, 7 யூனிட். மலை தெரியாமல் மூடிக்கொண்டு விடாமல் தூறும் நாளில் 3. பூஜ்யம் மட்டும் ஒரு நாளும் ஆகவில்லை, மேகத்துக்கு இந்தப் பக்கம் வருகிற சிதறல் வெளிச்சத்திலும் பேனல் வேலை செய்யும். சீசனில் இன்வெர்ட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு அனுபவம். 350 வாட் என்று காட்டிக்கொண்டிருக்கும், திடீரென்று மேகம் கிழிந்து ஒரு வெயில் விழும், கண் முன்னால் 900, 1,800, 2,900 என்று ஏறும், நனைந்து குளிர்ந்த பேனல், சுற்றிலும் இருக்கிற வெள்ளை மேகத்தின் ஓரத்திலிருந்து தெறிக்கும் வெளிச்சம் வேறு, இரண்டும் சேர்ந்து சித்திரை மத்தியானத்தில் கூடப் பார்க்காத அளவைத் தொட்டுவிட்டு, அடுத்த மேகம் வந்ததும் பழையபடி 400க்கு இறங்கிவிடும்.

குறைவதற்கு மேகம் மட்டும் காரணமில்லை. நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், பேனல் தெற்கே பார்த்துச் சாய்ந்திருக்கும். ஆகவே சாய்வை அதிகம் வைக்கவே கூடாது, 10 டிகிரி போதும், மழைத் தண்ணீர் வழிந்து போவதற்கும் அது போதும். இதை நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன். அப்புறம் மேற்கே மலை. சமவெளியில் சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் கிடைக்கிற வெயில் நமக்குக் கிடையாது, சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். புளியரை பக்கம் இன்னும் சீக்கிரம்.

ஆனால் ஒரு நல்ல விஷயம், சீசனில் நம்ம வீடுகளில் ஏசியே ஓடாது, ஃபேன் கூடப் பாதி நேரம் நின்றுதான் இருக்கும். உற்பத்தி குறையும் அதே மாதங்களில் செலவும் குறைந்துவிடுகிறது. கோடையில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டைத் தாண்டிக்கொண்டிருந்த வீடு இது. 500ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் எகிறும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த எகிறல் நின்றதுதான் பெரிய மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏழெட்டு வருடம் ஆகும். நான்கே வருடம் என்று சொல்வார்கள், அது ஏசி நிறைய ஓடுகிற பெரிய வீட்டுக்கு, வெயில் ஊரில் சரியாக வரலாம், மலையடிவாரத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு வராது.

இனி வேலை செய்தவர்களைப் பற்றி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பேனல் மாட்டிய பையன்கள் கெட்டிக்காரர்கள், ஒரே நாளில் நேராக, ஒரு நூல் கூடப் பிசகாமல் மாட்டினார்கள். குறை வந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில். பேனலைத் தாங்கும் கால்களில் இரண்டு மட்டும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) இல்லை, சாதா இரும்புக்கு வெள்ளி பெயின்ட் அடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சாரல் ஆரம்பித்த முதல் மாதமே அந்த இரண்டு காலிலிருந்தும் செம்பட்டையாகத் துரு வழிந்து வெள்ளை ஓட்டில் கோடு போட்டுவிட்டது. கடைசித் தவணையைக் கையில் வைத்திருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். நாகர்கோவில் பக்கம் உப்புக்காற்று என்றால் இங்கே விடாத ஈரம், இரண்டும் இரும்பைச் சும்மா விடாது. போல்ட், நட், வாஷர் எல்லாம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) தானா என்று ஒவ்வொன்றாகக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், சாதா இரும்பென்றால் காந்தம் பட்டென்று ஒட்டிக்கொள்ளும், நல்ல எஸ்எஸ் போல்ட்டை லேசாக இழுத்தாலும் இழுக்கலாம், அவ்வளவு பலமாக இழுக்காது.

இன்னொன்று கேபிள். பேனலையும் பேனலையும் இணைக்கும் எம்சி4 கனெக்டர்களைக் கட்டித் தூக்கி வைக்காமல் தளத்தில் தொங்க விட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்து தளத்தில் தண்ணீர் தேங்கியதும் காலையில் இன்வெர்ட்டர் ஐசொலேஷன் ஃபால்ட் என்று சிவப்பு விளக்குக் காட்டி ஓடவே ஓடாது, பத்து மணிக்கு ஈரம் காய்ந்த பிறகு தானாக ஆரம்பிக்கும். நாலைந்து போன் போட்ட பிறகு வந்து கனெக்டரையெல்லாம் ஃபிரேமோடு கட்டித் தூக்கினார்கள், அதோடு தீர்ந்தது. அந்த விளக்கு எரிந்தால் அலட்சியம் பண்ணாதீர்கள், எங்கேயோ டிசி கரண்ட் ஈரத்தின் வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். எர்த்துக்கு மூன்று குழி தனித்தனியாக வேண்டும், டிசிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஐப்பசியில் மலையில் இடி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் சிக்கனம் பிடிக்கத் தோன்றாது.

கழுவுகிற வேலையைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கமுதியில் 2016இல் திறந்த 648 மெகாவாட் நிலையத்தில் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பேனல், தினமும் துடைக்க ரோபோ வைத்திருக்கிறார்கள், ராஜஸ்தானின் பட்லாவில் பாலைவனப் புழுதிக்கு அங்கேயும் ரோபோதான். நமக்கு அவ்வளவு தேவையில்லை, வருடத்தில் பாதி நாள் மழையே கழுவிவிடுகிறது. மழை கழுவாத இடம் ஒன்று உண்டு. பேனலின் கீழ் விளிம்பில் ஃபிரேம் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக எழும்பி நிற்கும், அதில் தண்ணீர் தங்கி, வண்டல் படிந்து, சீசன் முடிவில் பச்சையாகப் பாசி பிடிக்கிறது. அந்த ஒரு வரி அழுக்கு கீழ்வரிசை செல்களை மறைத்தால் அந்தப் பேனலின் உற்பத்தியே அடிபடும். சீசன் முடிந்ததும் மென்மையான துணியும் வெறும் தண்ணீருமாக அந்த விளிம்பை மட்டும் துடைத்தால் போதும், காலையில் பேனல் சூடாவதற்கு முன்னால் செய்யுங்கள். கொச்சி விமான நிலையத்தில் பேனல் கழுவுகிற தண்ணீரை அடியிலேயே காய்கறிச் செடிகளுக்கு விட்டு விளைச்சல் எடுக்கிறார்கள். 2015 ஆகஸ்டில் 45 ஏக்கரில் 12 மெகாவாட்டோடு ஆரம்பித்து, முழுக்க சோலாரில் ஓடும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயரை வாங்கியது அது. கவனியுங்கள், கொச்சியில் நம்ம ஊரைவிட மழை அதிகம். மழை ஊரில் சோலார் ஓடாது என்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த விமான நிலையத்தைத்தான்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்காமல் யாரும் வாங்க வேண்டாம். ஆன்-கிரிட் என்றால் ஈபி கரண்ட் போன அடுத்த நொடி இதுவும் நின்றுவிடும், மொட்டை வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது நம்ம மாடியிலிருந்து கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள், அது மிகச் சரியான ஏற்பாடு. பழைய யுபிஎஸ்ஸை விற்றுவிடாதீர்கள்.

சீசனில் நம்ம மாடி பாதியாகக் குறையும்போது கரண்ட் எங்கிருந்து வருகிறது? சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் வண்டியில் போனால் தெரியும், ஆனி ஆடியில் காற்றாடிகள் எல்லாம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். பேனலை மறைக்கிற மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருவதும், கணவாய் வழியாக வந்து அந்த இறக்கைகளைச் சுற்றுவதும் ஒரே தென்மேற்குக் காற்றுதான். முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் அதே கதை, 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாடிகள் அங்கே இருக்கின்றன. காற்று வேகம் மே முதல் செப்டம்பர் வரை, சோலார் உச்சம் தை முதல் பங்குனி வரை. நெட் மீட்டர் மூலம் நாம் பகலில் கொடுத்து ராத்திரி வாங்குகிறோமே, அந்த ராத்திரிக் கரண்ட்டில் இந்தக் காற்றும் ஆனைமலைத் தண்ணீரும் இருக்கின்றன. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் உண்டு, கரண்ட் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடு நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு கரண்ட் எடுக்கிறது, 1980களிலேயே கட்டியது. ஆந்திராவில் கர்னூல் பக்கம் பின்னாபுரத்தில் இதே முறையில் 1,680 மெகாவாட்டுக்குக் கட்டியிருக்கிறார்கள், ஏற்கெனவே 1,000 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிற பகுதி அது. வீட்டுக்கு வீடு பேட்டரி வாங்கி வைப்பதைவிட இப்படி ஊருக்குப் பொதுவாகச் சேமித்து வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, இந்த மலைத்தொடர் முழுக்க அதற்கு இடம் இருக்கிறது, காட்டை அழிக்காமல் செய்தால்.

வாங்கப் போகும்போது இன்னொன்று நடக்கும். 3 கிலோவாட் கேட்டுப் போனால் 5 கிலோவாட், பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி, சூரியனைத் தொடர்ந்து திரும்பும் ஸ்டாண்ட் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இவான்பா என்று ஒரு நிலையம், 2014இல் திறந்தார்கள், 392 மெகாவாட். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் கண்ணாடிச் சட்டங்கள் சூரியனைத் துரத்தித் திரும்பி, உயரமான கோபுரங்களின் உச்சியில் வெளிச்சத்தைக் குவித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து டர்பைன் சுற்றும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஆரம்ப வருடங்களில் சொன்ன யூனிட் வரவில்லை, அதற்குள் சாதாரண பேனல் விலை மளமளவென்று இறங்கிவிட்டது, 2025 ஜனவரியில் கரண்ட் வாங்கிக்கொண்டிருந்த பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள முடிவு செய்தது. அசையும் பாகம் எதுவும் இல்லாமல், வருடத்தில் பாதி நாள் நனைந்துகொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் 25 வருடம் மாடியில் கிடக்க வேண்டிய பொருள் இது. சாதாரணமாக இருக்கட்டும். பேனலுக்கு 25 வருட உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள், இன்வெர்ட்டருக்கு அவ்வளவு கிடையாது, நடுவில் ஒரு முறை மாற்ற வேண்டி வரும் என்று பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் என் மாமா வீடு. அங்கே இருப்பது கேரள போர்டு கரண்ட். என் யூனிட்டையெல்லாம் கேட்டுவிட்டு அவருக்கும் ஆசை வந்துவிட்டது, "மாப்ளே, ஒரு தடவை வந்து மாடியைப் பாத்துச் சொல்லு" என்றார். போய்ப் பார்த்தேன். வீட்டை ஒட்டித் தெற்கே ஒரு பெரிய பலாமரம், கிழக்கே அடுத்தவர் ரப்பர் தோட்டம், மேற்கே மலை. காலை பத்தரை மணிக்குத்தான் மாடியில் முழு வெயில் விழுகிறது, மூன்றரைக்குப் போய்விடுகிறது. ஒரே வரிசையில் கோர்த்த பேனலில் ஒன்றின் மேல் கிளை நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் இறங்கும். மரத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். காய்க்கிற பலாவை வெட்டிவிட்டுப் பேனல் போட வேண்டாம், இந்த மாடிக்கு இது வேண்டாம் மாமா, அந்தப் பணத்துக்குப் பழைய ஃபேன்களை மாற்றிக் குறைந்த வாட் ஃபேன் போடுங்கள், பில் அதிலேயே குறையும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து ஃபேன் மாற்றிவிட்டார்.